ஐந்தாம் இலக்கப் பிரதம விருந்தினர்

பிலேந்திரனைப் பந்தடியிலிருந்து கழற்றிவிட மூன்று பேர் கேக்கோடு வந்தார்கள்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு பின்னேரம். ஹவுகெட்டோவில் ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் தொடர்மாடியில் இரண்டாம் தளம். முன்னால் வந்தவன் அருட்செல்வம், சிப்பித்துறை கடற்சுடர் விளையாட்டுக் கழகத்தின் ஒஸ்லோத் தலைவன். பின்னால் செயலாளரும் பொருளாளரும். மூன்று பேரும் அயர்ன் பண்ணிய சேட்டோடு நின்றார்கள். பந்தடிக் கதை கதைக்க வருகிறவன் அயர்ன் பண்ணிக்கொண்டு வரமாட்டான். அவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே இது நல்லதுக்கில்லை என்று பிலேந்திரனுக்குப் பட்டது.

"எழும்பாதை மச்சான், இரு இரு," என்று சொல்லிக்கொண்டு அருட்செல்வம் ஒரு நோட்டீசை நீட்டினான்.

பளபளப்பான தாள். மேலே கடற்சுடர், கீழே கொட்டுமுனை வளர்பிறை, நடுவில் கிண்ணத்தின் படம். அயலூர்கள் இரண்டும் ஊரில் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட உதைபந்தாட்டம். ஊர் விட்டு வந்தும் அந்தச் சண்டையை விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒஸ்லோவில் மோதுவார்கள். பிலேந்திரன் வாசித்துக்கொண்டு போனான். 'பிரதம விருந்தினர்' என்ற இடத்தில் தன் பெயரைக் கண்டதும் நிறுத்தினான். கீழே சின்ன எழுத்தில்: 'ஒரே கழகம், இருபத்தெட்டு ஆண்டுகள். கடற்சுடரின் தூண்.'

"இதென்ன?"

"கௌரவம் மச்சான். நிர்வாகம் ஒருமனதா எடுத்த முடிவு. பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசி..."

"பிரதம விருந்தினர் எங்கை இருக்கிறவர்?"

"மேடையிலைதான். கதிரைக்குச் சாட்டின் சீலை எல்லாம் போடுறம்."

"அப்ப ஸ்டொப்பர் ஆர்?"

பொருளாளர் கேக் பெட்டியைத் திறந்து கத்தி இருக்கிறதா என்று பார்த்தார்.

பின்வரிசையின் நடுவில் நின்று வருகிறவனை மறிப்பவன்தான் ஸ்டொப்பர். பிலேந்திரனுக்கு அதைத் தவிர வேறு இடம் தெரியாது. பதினாறு வயதில் கடற்கரை மணலில் அங்கே நிறுத்தினார்கள். இப்போது நாற்பத்து நாலு. ஜேர்சி மாறியிருக்கிறது, நாடு மாறியிருக்கிறது, நின்ற இடம் மாறவில்லை.

"சுரேன் இருக்கிறான் தானே," என்றான் அருட்செல்வம். "வெள்ளையளோடை டிவிசன் விளையாடுற பெடியன். உனக்கும் சுகமா இருக்கும்."

"நான் இனிக் காணாது, ஏலாது எண்டு நேரை சொல்லன்ரா."

"சீ. உன்னைப் போய் அப்பிடிச் சொல்லுவமே?"

"சொல்லமாட்டாய். அதாலைதான் கேக்."

மரியகொறற்றி தேத்தண்ணி கொண்டு வந்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் காலை வேலை முடித்து வந்தவள். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். "நல்லதுதானே. முழங்காலுக்கும் ஆறுதல்," என்றாள்.

"அதைத்தான் தங்கச்சி நாங்களும்..." அருட்செல்வத்தின் முகம் விரிந்தது. "அப்ப வருவாய் தானே மச்சான்?"

பிலேந்திரன் கேக்கைப் பார்த்தான். மஞ்சள் ஐசிங்கில் ஒரு பந்து.

"வருவன்," என்றான்.

மூவரும் பெருமூச்சு விட்டதைக் கண்ணால் காணக்கூடியதாக இருந்தது. கேக்கை வெட்டி, தின்று, கைகொடுத்துவிட்டுப் போனார்கள். படியில் இறங்கும்போதே சிரிப்புக் கேட்டது.

மரியகொறற்றி கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "இஞ்சேருங்கோ," என்றாள். "உவை ஒண்டை மறந்திட்டுப் போட்டினம்."

"என்னத்தை?"

அவள் நடையில் இருந்த அலுமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் நீலப் பை இருந்தது. சிப் அறுந்து இரண்டு வருடம், ஊசிகள் குத்தியிருந்தன. உள்ளே கடற்சுடரின் ஜேர்சிகள்.

கடற்சுடரில் யார் விளையாடுவது என்று எழுதி ஒட்டுகிற வழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. ஜேர்சிப் பை கப்டன் வீட்டில் இருக்கும். ஆட்டத்தன்று கப்டன் பையைத் திறந்து ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுக் கொடுப்பான். கையில் ஜேர்சி வந்தவன் விளையாடுவான், வராதவன் தண்ணீர்ப் போத்தல் தூக்குவான். தலைவருக்கும் அதில் பேச்சில்லை. கப்டனை மாற்ற வேண்டுமென்றால் ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கி மாற்ற வேண்டும். இந்த ஜனவரியிலும் பிலேந்திரன் பெயரைச் சொன்னபோது எல்லாக் கையும் மேலே போனது. அருட்செல்வத்தின் கைதான் முதலில் போனது.

"பையைக் கேக்க வாய் வரேல்லை போலை," என்றாள் மரியகொறற்றி.

"பையைக் கேட்டால் கப்டனைக் கழட்டிறது எண்டு அர்த்தம். அதைக் கேக்கிற நெஞ்சு உவங்களுக்கில்லை."

"உங்கடை முழங்கால் எனக்கு வேணும். அதாலைதான் நல்லது எண்டனான்," என்றாள் அவள். "ஆனால் உந்தச் சேறெல்லாம் தோய்ச்சது நான். கொட்டுமுனையாள் கடற்சுடரின்ரை ஊத்தையைத் தோய்க்கிறாள் எண்டு என்ரை அண்ணன்மார் இண்டைக்கும் பகிடி பண்ணுறவை. எனக்கு ஒரு பொன்னாடை போடுற யோசனை ஒருத்தனுக்கும் வரேல்லை."

அது உண்மை. அவள் எதிரூர்க்காரி. பெண் எடுத்த ஊருக்கு விளையாட மாப்பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட சட்டம். கலியாணம் முடிந்த கிழமையே மைத்துனர்மார் மஞ்சள் ஜேர்சியோடு வந்தார்கள். பிலேந்திரன் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு தொண்ணூற்று நாலில், சுத்திகரிப்பு நிறுவனமொன்றில் மேற்பார்வையாளராக இருந்த மூத்த மைத்துனன் இன்னொரு கதையோடு வந்தான். "எங்கடை பக்கம் வந்து நில்லும். நாளைக்கே பகல் வேலை." அப்போது பிலேந்திரன் இரவு முழுக்க பஸ் கழுவிக்கொண்டிருந்தான். மரியகொறற்றிக்கு வயிற்றில் பிள்ளை. வேண்டாமென்று சொன்னான். அவள் கிழமைக்கணக்கில் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஜேர்சிகள் மட்டும் தோய்த்து மடித்தபடி பைக்குள் இருந்தன.

திங்கட்கிழமை துறைமுகப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் பிலேந்திரன் கம்பி கட்டினான். கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் தளம் முழுக்கக் கம்பி விரித்து, ஒன்றோடொன்று குறுக்கிடும் இடமெல்லாம் கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த முதுகு. அப்படிக் குனிந்து நின்றபோதுதான் அலெக்கின் மணிக்கூடு ஞாபகம் வந்தது.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை. எதிரே நின்று மீன் வெட்டியவன் அலெக் என்ற ஸ்கொட்லாந்துக்காரன். நோர்வேக்காரியைக் கட்டி வந்தவன். இருவருக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறை, அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கியது. அலெக்கும் ஸ்டொப்பர். சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றின் கழகத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து விளையாடி, கப்டனாகவும் இருந்தவன். பெரிய கழகமொன்று கூப்பிட்டும் போகவில்லை.

"ஏன் போகேல்லை?" என்று பிலேந்திரன் கேட்டிருக்கிறான்.

"எங்கடை மைதானத்துக்குப் போற வழியிலை குடிக்கிறதுக்குத் தவறணை இருந்தது. அவங்கடை மைதானத்துக்குப் போற வழியிலை இல்லை," என்றான் அலெக். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "ஒருநாள் கழகம் எனக்குச் சுவர் மணிக்கூடு ஒண்டு தந்தது. எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினாங்கள். நானும் விசரன் மாதிரி அழுது நன்றி சொன்னன். அடுத்த சனிக்கிழமை வழமை மாதிரி ஆட்டத்துக்குப் போனால், என்ரை கொழுக்கியிலை வேறொருத்தன்ரை கோட் தொங்குது. அப்பதான் மணிக்கூடு என்னத்துக்கு எண்டு விளங்கிச்சு."

"மணிக்கூடு இப்ப எங்கை?"

"வீட்டிலை. நல்ல மணிக்கூடு. ஒரு நிமிசமும் பிந்தாது. அதுதான் எனக்குக் கோபம்."

பிலேந்திரன் கம்பி முறுக்கும் கொக்கியை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினான். கட்டுக்கம்பி அறுந்தது. அறுந்ததை எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினான்.

புதன்கிழமைப் பயிற்சி பியோர்ண்டால் மைதானத்தில். சுரேன் குரோருட்டிலிருந்து ஊர் முழுக்கக் கடந்து வந்திருந்தான். இருபத்திரண்டு வயது, இங்கே பிறந்தவன், நெடுவல். பந்தை நிலத்தைப் பாராமலே அடிப்பான். சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்த பிலேந்திரனுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாமா, நீங்களே விடுறன் எண்டு சொன்னதாம். அருள் மாமா சொன்னவர்."

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப அவர் பொய் சொன்னவரோ?"

"பொய் இல்லை. மரியாதை."

சுரேன் புல்லைப் பிடுங்கினான். "ஹெல்ட் ஆர்லி மாமா, நேரை சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் ஸ்லோ. நீங்கள் திரும்பிறதுக்கிடையிலை அவன் கோல் அடிச்சு, குளிச்சு, வீட்டை போயிடுவான்."

பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்த அல்பேர்ட் சிரித்து இருமினான். அல்பேர்ட் கடற்சுடரின் கோல் கீப்பர். பிலேந்திரனை விட இரண்டு வயது மூப்பு, வயிறு அதைவிட மூப்பு. அவனைப் போகச் சொல்லி ஒருவரும் கேக் கொண்டு போகவில்லை. கோலுக்குள் நிற்க வேறொருத்தனும் முன்வரவில்லை.

பிலேந்திரனும் சிரித்தான். இந்தக் கிழமையில் முதல் முறையாக ஒருத்தன் கையில் ஒன்றுமில்லாமல் வந்து முகத்துக்கு நேரே கதைத்திருக்கிறான். "உண்மைதான். ஆனால் நான் திரும்பிற ஆளில்லை. அவனைத் திரும்ப வைக்கிற ஆள்," என்றான். "நீ ஏன் பின்னுக்கு நிக்கப் பாக்கிறாய்? உன்ரை காலுக்கு நீ நடுவிலை நிக்கவேணும்."

"நான் டிவிசனிலையும் பின்னுக்குத்தான் நிக்கிறனான்."

"அங்கை ஆர் கப்டனோ, அவருக்குக் கண் தெரியாது."

"உங்களுக்கும் வயசு போட்டுது மாமா," என்று சொல்லிவிட்டு சுரேன் எழும்பி ஓடினான். அதில் கோபமும் இருந்தது, பகிடியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அருட்செல்வம் தொலைபேசியில் வந்தான். காலநிலையைப் பற்றிக் கதைத்தான். மேடைக்கு ஒலிவாங்கி எடுத்ததைச் சொன்னான். தேத்தண்ணியோடை தின்ன றோல்சுக்குச் சொல்லியாச்சு என்றான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"மச்சான், அந்த... ஜேர்சியள் தோய்ச்சு இருக்குத் தானே?"

"தோய்ச்சு இருக்கு."

"அப்ப... ஆரையும் அனுப்பட்டோ? உனக்கேன் சிரமம், கோட் சூட்டோடை வருவாய்..."

"சிரமமில்லை. நானே கொண்டு வாறன்."

"ஓம்... ஓமோம். நல்லது. வேறை?"

"நீ சொல்லு."

அருட்செல்வம் சொல்லவில்லை. ஒரு வாக்கியம்தான். 'நீ இனிக் கப்டன் இல்லை.' அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் தப்புவதற்கு நோட்டீஸ் அடித்து, மேடை எடுத்து, கேக் வாங்கியிருந்தான்.

சனிக்கிழமை காலை மரியகொறற்றி ஐந்தாம் இலக்க ஜேர்சியைத் தனியாக அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டாள். பிலேந்திரன் அதை முதலில் போட்டான். அதற்கு மேல் வெள்ளைச் சேட்டு, கழுத்துப்பட்டி, கோட். அரைக் காற்சட்டைக்கு மேல் நீளக் களிசான், காலில் பந்தடிச் சப்பாத்து. முழங்காலில் துணி சுற்றிவிட்டது அவள்தான்.

"கழுத்திலை நீலம் தெரியுது," என்றாள்.

"தெரியட்டும்."

"இண்டைக்கு எங்கடை ஊர் வெண்டால் நான் கைதட்டுவன். சொல்லிப்போட்டன்."

"தட்டு. ஆர் வேண்டாமெண்டது?"

குரோருட்டில் பாடசாலை ஒன்றின் பின்னால் இருந்த செயற்கைப் புல் மைதானம். தூறல். கூடாரத்துக்குள் றோல்சும் வடையும், ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும். மேடையில் சாட்டின் போர்த்த கதிரைகள். மழையில் நனையாதபடி அதற்கு மேல் பொலித்தீனும் போட்டிருந்தார்கள்.

பிலேந்திரன் தோளில் பையோடு நேரே உடுப்பு மாற்றும் அறைக்குப் போனான். அருட்செல்வம் ஓடி வந்தான். "மச்சான், மேடைக்கு வா, பையை இஞ்சை தா, நான்..." சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். கை பாதி வழியில் நின்றது. பிலேந்திரன் ஊசிகளைக் கழற்றிப் பையைத் திறந்துவிட்டான். பெடியள் வழக்கம்போல் சுற்றி நின்றார்கள். திறந்த பைக்கு முன்னால் தலைவர் என்ன செய்வது? கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனான்.

"அல்பேர்ட்," என்று கூப்பிட்டு ஒன்றாம் இலக்கத்தைக் கொடுத்தான் பிலேந்திரன். ஒவ்வொருவனாக வந்து வாங்கினார்கள். சுரேனை முதலில் கூப்பிடவில்லை. கடைசியாகக் கூப்பிட்டு எட்டாம் இலக்கத்தை நீட்டினான்.

சுரேன் கை நீட்டாமல் நின்றான். "அஞ்சு?"

"அஞ்சு குடுத்தாச்சு."

சுரேனின் கண் கழுத்துப்பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நீலம் தெரிந்தது. தாடை இறுகியது. எட்டைப் பறித்தது போல வாங்கித் தலைக்கு மேலால் போட்டான். "தோத்தால் நான் சொல்லுவன் ஆராலை எண்டு."

"மைக்கிலை சொல்லு. வாடகைக்கு எடுத்திருக்கினம்."

அல்பேர்ட் கிட்ட வந்து காதுக்குள் குனிந்தான். "அடேய், ஒரு சந்தேகம். வெண்டால் கப்பைக் குடுக்கிறது பிரதம விருந்தினர். வாங்கிறது கப்டன். நீ வலக்கையாலை குடுத்து இடக்கையாலை வாங்குவியோ?"

"முதலிலை நீ பந்தைப் பிடி."

விளக்கு ஏற்றினார்கள். போரில் இறந்தவர்களுக்கான அகவணக்கத்துக்கு எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். சிப்பித்துறை மைதானம் முள்ளுக்கம்பிக்குள் போய்ப் பதினேழு வருடம். அங்கே இப்போது இராணுவத்தின் லொறிகள் நிற்கின்றன. கடற்சுடர் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பச்சைப் பிளாஸ்டிக் புல்லில்தான் இருந்தது.

அருட்செல்வம் ஒலிவாங்கியைப் பிடித்தான். கதைக்கும்போது வராத தமிழெல்லாம் ஒலிவாங்கியைக் கண்டதும் வந்தது. "கடற்சுடரின் காவலரண்! கறைபடியாத கால்கள்! மாற்றான் எத்தனை முறை அழைத்தும் மண்ணை மறவாத மைந்தன்!" கொட்டுமுனைக்காரர் பக்கமிருந்து விசில் பறந்தது. ஒருத்தன், "எங்கடை மாப்பிள்ளையடா!" என்று கத்தினான். அருட்செல்வம் பொன்னாடையைப் போர்த்தினான். சரிகை கழுத்தில் உரசியது; வெங்காய வாசமும் வந்தது, கூடாரத்துக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். பிலேந்திரன் தலை குனிந்து வாங்கினான். இந்த மனிதனோடு பக்கத்துப் பக்கத்தில் நின்று பத்து வருடம் விளையாடியிருக்கிறான். வலது பக்கம் அருள், நடுவில் அவன். அதற்காக வாங்கினான்.

அப்போது அருட்செல்வம் சொன்னான்: "இன்று முதல் இளையவர்களுக்கு வழிவிட்டு, தன் விருப்பப்படி ஓய்வு பெறுகின்ற எமது அணித்தலைவனை..."

சனம் கைதட்டியது. மரியகொறற்றி கைதட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு புருசனையே பார்த்து நின்றாள்.

"இப்போது பிரதம விருந்தினர் உரை."

பிலேந்திரன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தான். அது உயரத்தில் இருந்தது; இறக்கிவிட்டான். "வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. நான் ஓய்வெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அருள் ஆரோடையோ மாறிப்போட்டார். அவ்வளவுதான்."

மேடையால் இறங்கினான். இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. பிரதம விருந்தினர் கைகொடுப்பது முறை. வளர்பிறையிலிருந்து தொடங்கினான். மஞ்சள் ஜேர்சிகள் ஒவ்வொன்றாகக் கைகொடுத்தன. பதினோராம் இலக்கம், ஓட்டக்காரன், மரியகொறற்றியின் அண்ணன் மகன். "மாமா, பாவம், மேடையிலை இருங்கோ," என்றான். பிலேந்திரன் அவன் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டு நகர்ந்தான். பிறகு நீலம். அல்பேர்ட் கண் சிமிட்டினான். நாலாம் இலக்கத்துக்கும் ஆறாம் இலக்கத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. பிலேந்திரன் அங்கே வந்ததும் நின்றான். பொன்னாடையை எடுத்து மடித்தான். கோட்டைக் கழற்றினான். கழுத்துப்பட்டி, சேட்டு, களிசான். எல்லாவற்றையும் மரியகொறற்றி வந்து வாங்கிக்கொண்டாள். வேலை உடுப்பு மாற்றுகிறவன் மாதிரி, அவசரமில்லாமல் கழற்றினான். பிறகு இடைவெளிக்குள் போய் வரிசையோடு நின்றான்.

கொட்டுமுனைப் பக்கம் ஊளையிட்டது.

அருட்செல்வம் மேடையால் பாய்ந்து வந்தான். "என்ன மச்சான் இது? பிரதம விருந்தினர் விளையாடுறதோ?"

"கூடாதெண்டு எந்தச் சட்டத்திலை இருக்கு?"

"சனம் சிரிக்குது!"

"சிரிக்கட்டும். பொதுக்கூட்டம் வை. கை தூக்கு. நான் இறங்கிறன், பையையும் கொண்டுவந்து உன்ரை வீட்டு வாசலிலை வைக்கிறன். முகத்துக்கு நேரை கை தூக்கப் பயத்திலை ஒருத்தனுக்குப் போர்வை போர்த்தக்கூடாது அருள். பிரேதத்துக்குத்தான் அப்பிடிப் போர்த்திறது."

நடுவர் நோர்வேக்காரன். கடிகாரத்தைக் காட்டி, விளையாடாதவர்கள் வெளியே போகச் சொன்னான். வெளியே போக வேண்டியிருந்தவன் அருட்செல்வம்.

முதல் பாதியில் அந்தப் பதினோராம் இலக்கம் மூன்று முறை வந்தான். இரண்டு முறை பிலேந்திரன் அவனுக்கு முன்னால் நின்றான். ஓடி நிற்கவில்லை, ஏற்கெனவே அங்கே நின்றான். மூன்றாவது முறை பெடியன் பந்தை ஒரு பக்கத்தாலும் தன்னை மறுபக்கத்தாலும் கொண்டு போனான். பிலேந்திரன் திரும்பினான். முழங்கால் பிறகுதான் திரும்பியது. கோல். வலைக்குள் பந்து கிடக்க, கொட்டுமுனைக்காரர் "மாப்பிள்ளைக்கு ஒரு கதிரை குடுங்கோ" என்று பாடினார்கள். சாட்டின் கதிரை மழையில் வெறுமையாக இருந்தது.

இடைவேளையில் சுரேன் தண்ணீரைக் குடித்துத் துப்பினான். "மாமா, அவன் உங்களைத் தாண்டினதை எல்லாரும் பாத்தது."

"நானும் பாத்தனான்."

"என்ன செய்யப் போறியள்?"

"நிக்கப்போறன். நீ என்ன செய்யப் போறாய்? எட்டைப் போட்டுக்கொண்டு அஞ்சின்ரை வேலையைப் பாத்துக்கொண்டு நிண்டனி, முன்னுக்குப் போகாமல். நான் விழுந்தால் தூக்கிறதுக்கோ?"

சுரேன் சப்பாத்து நூலை இறுக்கினான். இரண்டாம் பாதியில் அவன் பின்னுக்கு வரவில்லை. பிலேந்திரன் தலையால் வெளியேற்றிய ஒரு பந்தை நடுவில் மறித்து, இரண்டு பேரைக் கடந்து, தூரத்திலிருந்தே அடித்தான். சமநிலை. கடற்சுடர்ப் பக்கம் வடைத் தட்டு ஒன்று ஆகாயத்துக்குப் போனது. சுரேன் ஓடிவந்து பிலேந்திரனுக்கு முன்னால் நின்று, கட்டிப்பிடிக்காமல், "சரி, எட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அதன் பிறகு வளர்பிறை தொடர்ந்து வந்தது. பிலேந்திரன் நெஞ்சால் மறித்தான், தொடையால் மறித்தான், ஒருமுறை முகத்தால் மறித்தான். மூக்கால் இரத்தம் வந்தது. பதினோராம் இலக்கம் இன்னும் பலமுறை வந்தான், தாண்டவில்லை. முடியும் தறுவாயில் ஒரு கோர்ணர் பந்து உயர்ந்து வந்தது. ஒருவர் தலையும் தொடாத, குழந்தையும் பிடிக்கக்கூடிய பந்து. அல்பேர்ட்டின் இரண்டு கைக்குள்ளும் வந்தது. ஈரத்தில் வழுக்கி, வயிற்றில் பட்டு, கோல் கோட்டைத் தாண்டி உருண்டது.

ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. மரியகொறற்றி சொன்னபடி கைதட்டினாள்.

அல்பேர்ட் நிலத்தில் இருந்தான். "எனக்கும் ஒரு பொன்னாடை வாங்குவினமோ?" என்றான்.

"உனக்குக் கையுறைதான் வேணும். எழும்பு."

மேடையில் கிண்ணம் இருந்தது. அருட்செல்வம் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றான். நோட்டீசில் போட்டாயிற்று, கிண்ணம் வழங்குபவர் பிரதம விருந்தினர். பிலேந்திரன் மூக்கில் பஞ்சோடு, ஐந்தாம் இலக்க ஜேர்சியோடு, சப்பாத்து மேடைப் பலகையில் கடகடக்க ஏறினான். கிண்ணத்தை எடுத்து வளர்பிறைக் கப்டனிடம் நீட்டினான். அந்த ஆள் வாங்க வந்தான். பிலேந்திரன் உடனே விடவில்லை.

"பத்திரமா வைச்சிருங்கோ," என்றான், ஒலிவாங்கி கேட்கத்தக்கதாக. "அடுத்த வருசம் வந்து எடுப்பன்."

கொட்டுமுனைக்காரர் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவில் கைதட்டலும் வந்தது. பொன்னாடைக்கு விழுந்த கைதட்டல் வேறு மாதிரி. இது அது இல்லை.

அறையில் ஈர ஜேர்சிகளைப் பெடியள் ஒவ்வொன்றாகப் பைக்குள் எறிந்தார்கள். ஊசிகளைக் காணவில்லை, யாரோ மிதித்து எங்கோ போய்விட்டன. பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிலேந்திரன் பொன்னாடையை முறுக்கி, பையைச் சுற்றிக் கொண்டுவந்து, கம்பி கட்டுகிற முடிச்சொன்று போட்டு இறுக்கினான். சரிகை ஒரு இடத்தில் கிழிந்தது.

அருட்செல்வம் கதவடியில் நின்றான். கடைசியில் அந்த வாக்கியம் வேறு உருவில் வந்தது. "மச்சான், பையை வைச்சிட்டுப் போ."

"கேட்டிட்டாய்," என்றான் பிலேந்திரன். "ஒரு கிழமைக்கு முதல் கேட்டிருந்தால் தந்திருப்பனோ தெரியாது. இப்ப தரமாட்டன். ஜனவரியிலை கூட்டம் இருக்கு. உன்ரை கையை நான் பாக்கவேணும்."

பையைத் தோளில் போட்டான். ஈரத்தில் இரண்டு மடங்கு பாரம். நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது சுரேன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஜனவரியிலை நான் உங்களுக்கு எதிரா கை தூக்குவன்."

"தூக்கு. என்னைப் பாத்துக்கொண்டு தூக்கு."

"பாத்துக்கொண்டுதான்," என்றான் சுரேன். பிறகு, "அதுக்கு முதல் புதன்கிழமை பயிற்சி இருக்கோ?"

"இருக்கு. பிந்தி வந்தால் ஜேர்சி இல்லை."

மரியகொறற்றி கோட்டையும் களிசானையும் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிலக்கீழ் ரயில் படியடியில் நின்றாள். பையைப் பார்த்தாள். பொன்னாடை முடிச்சைப் பார்த்தாள்.

"இதையும் நான்தான் தோய்க்கவேணுமோ?" என்றாள்.